அகேடியாவின் ஓஷன் பாத்: முதல்முறை நடக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மவுண்ட் டெசர்ட் என்ற தீவில் இருக்கிறது அகேடியா தேசியப் பூங்கா. அதன் கிழக்குக் கரையில் சாண்ட் பீச்சில் தொடங்கி ஆட்டர் பாயிண்ட் வரை போகும் கடலோரப் பாதைதான் ஓஷன் பாத். ஒரு வழிக்கு 2.2 மைல். போய்த் திரும்பினால் 4.4 மைல், அதாவது 7 கிலோமீட்டர். பெரும்பகுதி பொடிச்சரளை பரப்பிய சமதளம். அங்கங்கே சில கல்படிகள், கடைசிப் பகுதியில் மரவேர்கள் குறுக்கிடும் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளை நடக்கும். ஊரில் தினமும் காலை நடை போகிற அம்மா அப்பாவும் நடப்பார்கள். ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் மட்டும் முழுத்தூரம் போகாது, படிகள் வழிமறிக்கும்.

இவ்வளவு எளிய பாதைக்கு வழிகாட்டி எதற்கு? இங்கே நாளைக் கெடுப்பது நடை அல்ல. பத்து மணிக்கு வந்து சேர்ந்து கார் நிறுத்த இடமில்லாமல் சுற்றுவது, கடல் வற்றிய நேரத்தில், அலை இடிபோல் முழங்கும் தண்டர் ஹோல் என்ற பாறைப் பிளவுக்குப் போய் ‘இதற்கா இவ்வளவு தூரம்’ என்று திரும்புவது, படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு ஈரப்பாறையில் இறங்குவது, இவைதான் கெடுக்கின்றன. முதல் இரண்டும் எரிச்சலோடு போய்விடும். மூன்றாவது உயிரை எடுக்கும்.

முதல் வேலை: கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

ஓட்டல் பதிவு செய்வதற்கு முன்பே பார்த்தாலும் தவறில்லை. அமெரிக்க அரசின் கடல், வானிலை நிறுவனமான நோவா, பூங்காவை ஒட்டிய பார் ஹார்பர் ஊருக்கான கடலேற்ற அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம்போல ஆகும். அதனால் இன்று காலை 10 மணிக்கு ஏறினால் நாளை 10.50 வாக்கில்தான் ஏறும். நான்கு நாள் பயணத்தில் இந்த நகர்வு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். முதல் நாள் பார்த்து வைத்த நேரத்தை நம்பி நான்காம் நாள் போகாதீர்கள்.

சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டர் அளவுதான். இங்கே சாதாரண நாளிலேயே 10 முதல் 12 அடி. வற்றத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பாறை, ஆறு மணி நேரத்தில் இரண்டு ஆள் உயரத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். அந்த ஏற்றமும் ஒரே சீராக வராது. முதல் மணியில் மெல்ல ஏறும், மூன்றாவது நான்காவது மணிகளில் மணிக்கு இரண்டரை அடிக்கு மேல் ஏறும், பிறகு தணியும். ‘இப்போதானே வந்தோம், தண்ணீர் தூரத்தில் இருந்ததே’ என்று கரையோரப் பாறைகளில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த நடுமணிகளில்தான் மாட்டுகிறார்கள்.

நடையைத் திட்டமிட ஒரே கணக்குப் போதும். தண்டர் ஹோலில் நீங்கள் நிற்க வேண்டியது உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. சாண்ட் பீச்சிலிருந்து அங்கே போக நின்று நின்று நடந்தால் அரை மணி நேரம். உச்ச ஏற்றம் காலை 10.30 என்றால் எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் அங்கே இருக்க வேண்டும், எட்டு மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். ஏற்றம் பிற்பகல் 4 மணிக்கு வருகிற நாளில் காலையில் வேறு எங்காவது போய்விட்டு, பிற்பகலில் பஸ்ஸில் வாருங்கள்.

நுழைவுச் சீட்டு

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். பஸ்ஸில் வந்தாலும் சீட்டு வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் அகேடியா உட்பட 11 பூங்காக்களில் கூடுதலாக 100 டாலர். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர். ஒரே பயணத்தில் இந்தப் பட்டியலிலுள்ள இரண்டு மூன்று பூங்காக்களுக்குப் போவதாக இருந்தால் அட்டையே லாபம். இங்கே வசிப்பவர்கள் அமெரிக்காவில் வழங்கப்பட்ட புகைப்பட அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கி, போனில் இறக்கி வைத்துவிடுங்கள். தீவின் பல இடங்களில் சிக்னல் வராது.

இன்னொரு குழப்பம்: முன்பதிவு வேண்டுமென்று கேள்விப்பட்டுப் பலர் பதறுகிறார்கள். அது காடிலாக் மலையுச்சிக்குக் காரில் ஏறுவதற்கு. ஓஷன் பாத்துக்கு வேண்டியதில்லை.

போய்ச் சேர்வதும் கார் நிறுத்துவதும்

பாதையை ஒட்டியே பார்க் லூப் ரோடு என்ற 27 மைல் சுற்றுச்சாலை போகிறது. இந்தப் பகுதியில் அது ஒருவழிச் சாலை. முதல்முறை வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு அவதிப்படுகிறார்கள். சாண்ட் பீச் பார்க்கிங்கைத் தவறவிட்டால் வண்டியைத் திருப்ப முடியாது. முன்னால் போய், ஆட்டர் கிளிஃப் சாலையில் வெளியேறி, 3ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்கூனர் ஹெட் சாலை வழியாக மறுபடி உள்ளே வர வேண்டும். ஜி.பி.எஸ். சில சமயம் ஒருவழியை எதிர்த்துத் திரும்பச் சொல்லும். சாலைப் பலகையை நம்புங்கள், போனை அல்ல.

ஜூலை, ஆகஸ்டிலும் அக்டோபர் இலையுதிர் வாரங்களிலும் சாண்ட் பீச் பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். எட்டு மணிக்குள் வந்துவிட்டால் கவலையில்லை. நிரம்பிவிட்டால், தடைப்பலகை இல்லாத இடங்களில் ஒருவழிச் சாலையின் வலது தடத்தில் ஓரமாக நிறுத்த அனுமதி உண்டு. ஆனால் நீங்கள் போகும் திசையில் கடலும் நடைபாதையும் இடப்பக்கம். வலப்பக்கம் நிறுத்தி இறங்கியதும், வண்டிகள் ஓடும் இடத் தடத்தைக் கடந்துதான் பாதைக்கு வர முடியும். ஓட்டுகிறவர்களும் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். பிள்ளைகளைக் கதவைத் திறந்து தாங்களாக இறங்க விடாதீர்கள்.

இதைவிட நிம்மதியான வழி ஐலண்ட் எக்ஸ்புளோரர் பஸ். ஜூன் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை ஓடுகிறது, கட்டணமில்லை. பார் ஹார்பர் ஊரின் நடுவிலுள்ள வில்லேஜ் கிரீனில் ஏறிச் சாண்ட் பீச்சில் இறங்கலாம். கார் இல்லாததால் போன வழியே திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களை ஒரு வழி மட்டும் நடத்திக் கூட்டிவர இதுதான் சரி. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பும் பையும்

செருப்பு வேண்டாம். சமதளம் என்று கேட்டதும் ரப்பர் செருப்போடு வருகிறவர்களைப் பார்க்கலாம், வேர்ப்பகுதி வந்ததும் திணறுவார்கள். அடியில் நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போதும், மலையேற்ற பூட்ஸ் தேவையில்லை. ஜூலை நண்பகலில் வெப்பம் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், ஆனால் மூடுபனி கரையேறினால் சட்டென்று குளிரும். காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று கோடையிலும் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். பாதையில் சாப்பாட்டுக் கடை கிடையாது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம் கட்டிப் போவதாக இருந்தால் மூடி இறுகிய டப்பாவில் கட்டுங்கள், கடற்பறவைகள் திறந்த தட்டை விடாது. வாழைப்பழத்தோலையும் ஆரஞ்சுத்தோலையும்கூட திரும்பக் கொண்டுவர வேண்டும். ‘மட்கிவிடும்தானே’ என்பது இந்தக் குளிரில் செல்லாது. கழிப்பறை சாண்ட் பீச்சில் உண்டு, பருவ காலத்தில் தண்டர் ஹோலிலும் உண்டு. அதற்குப் பிறகு பாதையில் கிடையாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மே, ஜூனில் கறுப்பு ஈ கடிக்கும். உண்ணி பனி விழும்வரை இருக்கும், லைம் நோயைப் பரப்புவது அதுதான். சரளையில் நடக்கும்வரை பயமில்லை, ஓரப் புல்லில் உட்கார்ந்தால் ஏறும். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள்.

நடை

சாண்ட் பீச்சில் இறங்கியதும் முதலில் கடற்கரைக்குப் போய் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள். வெறும் மணல் அல்ல. வெள்ளை, ஊதா, பச்சை என்று நொறுங்கிய சிப்பித் துண்டுகளும் கடல் முள்ளெலியின் ஓட்டுத் துகள்களும் கலந்திருக்கும். இருபுறமும் பாறை மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குடா என்பதால் அலை கொண்டுவரும் ஓட்டுத் துகள் வெளியே போகாமல் தங்கிவிடுகிறது. அள்ளியதை அங்கேயே போட்டுவிடுங்கள். தண்ணீர் கோடையிலும் 13 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். கணுக்கால் நனைத்தால் இரண்டு நிமிடத்தில் எலும்பு வலிக்கும்.

மறுபடி படியேறி மேல் பார்க்கிங்குக்கு வந்தால் ஓஷன் பாத் பலகை இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. சாலைக்கு எதிர்ப்புறம் பீஹைவ் என்ற மலைப்பாதை கிளம்புகிறது. பாறைச் சுவரில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறுவது, கீழே பள்ளம். கூட்டம் போகிறதே என்று அதில் சேர்ந்துவிடாதீர்கள். உங்கள் பாதை சாலையைக் கடக்காது, எப்போதும் கடல் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்.

முதல் கிலோமீட்டர் சற்று ஏறி இறங்கும், வழிநெடுகக் கடலை நோக்கிச் சிறு கிளைத்தடங்கள் பிரியும். எல்லாவற்றிலும் இறங்க வேண்டியதில்லை. மண் தேய்ந்து வேர் தெரிவதே அப்படி இறங்கியவர்களால்தான். பாறையின் நிறம் இளஞ்சிவப்பு, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தால் வந்தது. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுக்கு முன் நிலத்தடியில் இறுகிய கருங்கல் வகை இது. நேர்கோட்டு விரிசல்கள் ஓடுவதால் செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் கட்டம் கட்டமாக உடைகிறது.

அந்த விரிசல்களில் ஒன்றைக் கடல் குடைந்து உண்டாக்கியதுதான் தண்டர் ஹோல். குறுகலான ஒரு வாய்க்கால், அதன் முடிவில் தாழ்வாக ஒரு சிறு குகை. அலை உள்ளே பாயும்போது குகைக்குள் இருக்கும் காற்று அடைபட்டு அமுங்குகிறது, அடுத்த கணம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வெடிப்புச் சத்தம்தான் இடி. உச்ச ஏற்றத்தில் குகை வாயே மூழ்கிவிடும், அடைக்கக் காற்று இருக்காது. வற்றத்தில் தண்ணீர் குகைக்கே எட்டாது. இரண்டு மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்று சொன்னதன் காரணம் இதுதான். நேரம் சரியாக இருந்தும் கடல் அடங்கிக் கிடந்தால் ‘களுக்’ என்ற சத்தம்தான் வரும். அதற்கு அலையும் வேண்டும். முந்தின நாள் காற்றடித்திருந்தால் நல்ல வாய்ப்பு.

கம்பி போட்ட படிகள் கீழே இறங்கும். கடல் கொந்தளித்தால் அவற்றை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் தாண்டக் கூடாது. 2009 ஆகஸ்ட் 23 அன்று பில் என்ற புயல் கரைக்கு வராமல் தொலைவில் கடந்து போனது. அது எழுப்பிய அலையை வேடிக்கை பார்க்க இந்தப் பகுதியில் கூடி நின்றவர்களைப் பெரிய அலை ஒன்று வாரிக்கொண்டு போனது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். புயல் எங்கோ கடலில் இருக்கும்போதும் அலை இங்கே வரும்.

தண்டர் ஹோலைத் தாண்டியதும் கூட்டம் பாதியாகக் குறையும். பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். நல்ல பகுதி இனிமேல்தான். கோர்ஹம் மலை பார்க்கிங்குக்கு எதிரே மான்யுமென்ட் கோவ் வரும். ஒற்றைக் கல்தூண் நிற்கும் சிறு குடா, அடியில் தேங்காய் அளவிலிருந்து பூசணி அளவுவரை வழவழவென்று உருண்ட கற்கள். மேலிருந்து பார்ப்பதே போதும். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் சத்தத்துக்காக இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். சற்றுத் தள்ளி வரும் போல்டர் பீச்சிலும் இதே கற்கள்தான். ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ள கை துறுதுறுக்கும். தேசியப் பூங்காவில் கல் எடுப்பது சட்டப்படி குற்றம், சிறு கூழாங்கல்லும் சேர்த்தி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதும் கூடாது. டிரோனுக்கும் தடை.

அதன்பின் பாதை ஸ்புரூஸ் மரங்களுக்குள் நுழையும். வேர்களும் கல்படிகளும் வருவது இங்கேதான். மழை பெய்த மறுநாள் வேரின் மேல் மிதிக்காமல், வேருக்கு இடையே மிதித்து நடங்கள். மரங்கள் விலகும்போது ஆட்டர் கிளிஃப், 110 அடி செங்குத்துப் பாறை. விளிம்பில் கம்பியெல்லாம் கிடையாது. கயிறு கட்டி ஏறுகிறவர்கள் கீழே இருப்பார்கள். உங்கள் காலில் இடறிய கல் அவர்கள் தலையில் விழும் என்பதால் விளிம்பிலிருந்து நான்கு தப்படி உள்ளே நில்லுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். திரும்பி வந்த வழியைப் பார்த்தால் சாண்ட் பீச் வரை முழுக் கரையும் தெரியும். ஓஷன் பாத்தின் சிறந்த காட்சி தண்டர் ஹோல் அல்ல, இதுதான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆட்டர் பாயிண்ட். அங்கே பாறை தட்டையாகச் சரியும், சாப்பிட உட்காரத் தோதான இடம்.

பாறையில் இறங்குவதானால்

இறங்கவே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. எவ்வளவு தூரம் என்பதைப் பாறையே சொல்கிறது. கூர்ந்து பார்த்தால் கடலை நோக்கிப் பட்டைபட்டையாக நிறம் மாறும். மேலே காய்ந்த இளஞ்சிவப்பு. அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. அதற்கும் கீழே கொட்டலசு என்ற கூரான ஓட்டுயிரி அப்பிய வெளிர் பட்டை. கடைசியில் காற்றுக்குமிழ் வைத்த பழுப்புப் பாசி.

ஆபத்து அந்தக் கறுப்பில். பாறையின் இயல்பு நிறம் என்று நினைத்துக் கால் வைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசியின் படலம். காய்ந்திருந்தால் சொரசொரப்பு, நனைந்துவிட்டால் சோப்புத் தேய்த்த தரை. எந்த ஷூவும் நிற்காது. கொட்டலசில் கால் பிடிக்கும், விழுந்தால் உள்ளங்கை கிழியும். அதோடு கறுப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை கடல்நீர் வழக்கமாக எட்டுகிறது என்றும் பொருள். ஆகவே கறுப்பு தொடங்கும் இடத்துக்கு மேலேயே நில்லுங்கள். பாறை ஈரமாக இருந்தால் அன்றைக்கு அலை இன்னும் மேலே எட்டியிருக்கிறது, அந்த ஈரத்துக்கும் மேலே நில்லுங்கள்.

இறங்கும் முன் பத்து நிமிடம் மேலே நின்று பாருங்கள். சிறிய அலைகள் தொடர்ந்து வந்த பிறகு பெரிய அலைகள் இரண்டு மூன்று சேர்ந்து வரும், அவை எட்டுமிடம்தான் கணக்கு. கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். இந்தக் குளிரில் முதல் நிமிடமே மூச்சுத் திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். மிதக்கிற எதையாவது வீசுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் 911 அழைக்கட்டும். சிக்னல் இல்லையென்றால் சாலைக்கு ஓடி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சாலை எப்போதும் சில தப்படி தூரத்தில்தான் இருக்கிறது.

திரும்புவதும் பருவமும்

முழு நடைக்கு, நிற்பதும் சாப்பிடுவதும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும்போது சாலையோரமாக நடந்தால் சீக்கிரம் என்று தோன்றும், அப்படியில்லை, வண்டிப் புகைதான் மிச்சம். தெம்பு மீதியிருந்தால் சாண்ட் பீச்சின் மறுகோடியிலிருந்து கிளம்பும் கிரேட் ஹெட் சுற்றுப்பாதையைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது கொஞ்சம் பாறை ஏறுவது. பசித்தால் லூப் ரோட்டில் மேலே போய் ஜோர்டான் பாண்ட் ஹவுஸில் பாப்ஓவர் என்ற உப்பிய ரொட்டி சாப்பிடுவது இங்கே வழக்கம். மாவில் முட்டை உண்டு, சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க.

மாதங்களில் செப்டம்பருக்குத்தான் என் ஓட்டு. கறுப்பு ஈ இருக்காது, லேபர் டே விடுமுறை முடிந்ததும் குடும்பக் கூட்டம் வடியும், பஸ்ஸும் ஓடும். இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் நடுவில் வருகிறவர்கள் ஆகஸ்டுக்கு இணையான நெரிசலுக்குத் தயாராக வாருங்கள். ஜூன் மாதத்தில் மூடுபனி அடிக்கடி இறங்கும். கடல் தெரியாவிட்டாலும் நடக்கலாம், விளிம்புகளில் மட்டும் கூடுதல் கவனம். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை லூப் ரோட்டின் பெரும்பகுதியை மூடிவிட்டாலும், ஸ்கூனர் ஹெட் சாலைக்கும் ஆட்டர் கிளிஃப் சாலைக்கும் இடைப்பட்ட இந்த இரண்டு மைல் திறந்திருக்கும். அப்போது வருவதானால் ஷூவின் அடியில் மாட்டும் பனிமுள் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அலைத்துளி பாதையிலேயே உறைந்து கண்ணாடிப் பனியாகக் கிடக்கும், பஸ் கிடையாது, கழிப்பறைகளும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.